விற்ற பாஸும் விட்ட பாஸும்

1990களின் நடுவில் நீங்கள் விற்ற 1977 ஃபெண்டர் ஜாஸ் பாஸ் ஒன்று, அதாவது ஃபெண்டர் நிறுவனம் அந்த வருடத்தில் செய்த ஒரு பாஸ் கிடார். அதற்குச் சில வருடங்கள் முன்னால் மடியில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த 1966 பிரெசிஷன் ஒன்று, அதே நிறுவனத்தின் இன்னொரு பாஸ் மாடல். இரண்டும் இன்னும் மனதை அரிக்கின்றன, இப்போது தேடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு விவரமும் தந்திருக்கிறீர்கள். ஜாஸ் பாஸை விற்றது, "சிபிஎஸ் காலத்துச் சரக்கு, மூன்று போல்ட் நெக், வைத்திருந்து பயனில்லை" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னதால். (ஃபெண்டர் சிபிஎஸ் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தைச் சொல்கிறார்கள்; நெக் என்பது இடது கை பிடிக்கும் கழுத்து, அதைப் பாடியோடு போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள்.) பிரெசிஷனை விட்டது, அதன் அசல் பெயின்டைச் சுரண்டிவிட்டு யாரோ வேறு பெயின்ட் அடித்திருந்ததால்.

பதில் அந்த இரண்டு விவரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முடிவிலும் உங்கள் கைக்கும் காதுக்கும் பங்கே இல்லை. அந்தக் காலத்துச் சந்தைப் பேச்சு உங்களுக்காக முடிவெடுத்தது. இன்றைய சந்தைப் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது, அதனால் மனம் குமைகிறது. இன்றைய பேச்சை நம்பி ஓடினால் அதே தவறு தலைகீழாக நடக்கும். ஆகவே என் யோசனை இது: ஜாஸ் பாஸைத் தேடுங்கள், ஆனால் 1977 என்ற எண்ணை விட்டுவிட்டு அந்த நெக்கைத் தேடுங்கள். பிரெசிஷன் விஷயத்தில், மறுபடியும் பெயின்ட் மாற்றிய ஒன்று எதிரில் வந்தால் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஏன் என்பதுதான் நீளமான கதை.

முதலில் விலையைப் பற்றிய ஒரு பிரமையைக் கலைத்துவிடலாம். பழைய ஃபெண்டர்கள் ஒரு காலத்தில் கொள்ளை மலிவாகக் கிடந்தன, நாம்தான் அள்ளிக்கொள்ளத் தவறிவிட்டோம் என்று பாஸ் வாசிப்பவர்கள் பேசிக்கொள்வதுண்டு. நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951 கடைசியில் பிரெசிஷன் பாஸைக் கொண்டுவந்தபோது அதன் விலை 199.50 டாலர். பணவீக்கத்தைக் கணக்கிட்டால் இன்றைக்கு 2,000 டாலருக்கு மேல் வரும். புதிதாக இருந்தபோது அது சாமானியன் சட்டென்று வாங்கக்கூடிய பொருளாகவே இல்லை. மலிவாக இருந்தது இடையில் வந்த ஒரு காலத்தில் மட்டும்தான்: வாத்தியத்துக்குப் பத்துப் பதினைந்து வயதாகி, 'பழசு' என்ற பெயர் வந்து, 'விண்டேஜ்' என்ற பெயர் இன்னும் வராத காலம். ரஷ் ராக் குழுவின் பாஸ் கலைஞர் கெடி லீ தன் 1972 ஜாஸ் பாஸை 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலமசூவில் ஒரு அடகுக் கடையில் சுமார் 200 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது அதிசயமான பேரம் ஒன்றுமில்லை. சில வருடங்கள் பழகிய ஒரு பாஸின் சாதாரண விலை, அவ்வளவே. அந்த பாஸ் பிற்பாடு எத்தனை ஒலிப்பதிவுகளில் ஒலிக்கும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

அந்த இடைக்காலத்தில் விற்றவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1971இல் அலெம்பிக் என்ற நிறுவனம் தன் முதல் பாஸைச் செய்தது. 1976இல் லியோ ஃபெண்டரே மியூசிக் மேன் என்ற நிறுவனத்தின் பெயரில் ஸ்டிங்ரே பாஸைக் கொண்டுவந்தார். உள்ளே ஒலியைப் பெருக்கும் பாட்டரி போட்ட ப்ரீஆம்ப், இரண்டு காயில் கொண்ட ஒரு பெரிய பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பாகம்), ஸ்லாப் அடித்தால், அதாவது கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டினால், எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கும் ஒலி. 1980 வாக்கில் தலையே இல்லாத ஸ்டைன்பெர்கர் வந்தது. பிறகு ஐந்து ஸ்ட்ரிங் பாஸ்கள் வந்தன, சின்தசைசர் கீழ் ஸ்வரங்களைப் பிடுங்கிக்கொண்டது. 1985இல் ஸ்டூடியோவில் வேலை கிடைக்க வேண்டும் என்றால் தேய்ந்த பிரெசிஷன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது அத்தனை புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்காது. அதை விற்றுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள், வேலை கிடைத்தது, வீட்டு வாடகை கட்டினார்கள். இன்றைய விலையை வைத்துக்கொண்டு அன்றைய முடிவைத் திட்டுவது கணக்குப் பிழை. 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பழைய வாத்தியங்களின் விலை சரிந்தபோது, உச்சத்தில் வாங்கியவர்கள் பட்ட பாட்டை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

இனி உங்கள் 1977.

சிபிஎஸ் நிறுவனம் 1965 சனவரியில் 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. 1985இல் அதன் நிர்வாகிகளும் ஊழியர்களும் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள். நடுவில் உள்ள இருபது வருடமும் தாழ்வு, அதற்கு முந்தியது எல்லாம் தங்கம் என்ற பேச்சு நெடுநாள் வேதவாக்காக இருந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உற்பத்தி எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது, மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குப் பதில் 1960களின் கடைசியில் கெட்டியான பாலியெஸ்டர் வந்தது, 1970களில் ஆஷ் மரத்து பாடிகள் பல 4.5 கிலோவைத் தாண்டித் தோளை அறுத்தன. மூன்று போல்ட் நெக்கை ஜாஸ் பாஸுக்கு 1970களின் நடுவில் போட்டார்கள். பிரெசிஷன் நான்கு போல்ட்டிலேயே தொடர்ந்தது. மூன்று போல்ட் என்ற அமைப்பில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. நெக்கைக் கழற்றாமல் அதன் சாய்வைத் திருத்த ஒரு திருகும் அதோடு வந்தது, அது உண்மையிலேயே வசதிதான். கோளாறு எங்கே என்றால், பாடியில் நெக் உட்காரும் குழியைத் தளர்வாக வெட்டிவிட்டார்கள். குழி தளர்ந்து போல்ட்டும் ஒன்று குறைந்தால் நெக் பக்கவாட்டில் அசையும், முதல் ஸ்ட்ரிங் விளிம்பில் வழுக்கும். குழி இறுக்கமாக அமைந்த மூன்று போல்ட் பாஸ்கள் நிறைய உண்டு. அவற்றைக் கையில் எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தத் 'தாழ்ந்த' காலத்தில் நடந்த ஒரு மாற்றம் சிலர் காதுக்கு வரமாகவே அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜாஸ் பாஸின் பின் பிக்கப்பைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம், அதாவது ஸ்ட்ரிங்குகளின் அடிமுனை உட்காரும் பாகத்தின் பக்கம், தள்ளினார்கள். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பிக்கப் பிரிட்ஜுக்கு நெருங்க நெருங்க அடி ஸ்வரம் மெலிந்து மேல் ஸ்வரங்கள் முன்னால் வரும். இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறக்கும்போது அவற்றுக்கிடையே ரத்தாகும் அலைவரிசைகளும் மாறும். பாஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் கட்டைவிரல் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். அது ஆஷ் மரத்தில் செய்த 1977 ஜாஸ் பாஸ், உள்ளே கிடார் கைவினைஞர் ரோஜர் சடோவ்ஸ்கி ஒரு ப்ரீஆம்ப் போட்டுக் கொடுத்தார். நீங்கள் குப்பை என்று தள்ளிய அதே வருடத்துச் சரக்கு. 1990களின் பிற்பகுதியில் ஃபெண்டர் அவர் பெயரிலேயே ஒரு மாடலை விற்க ஆரம்பித்தது. காலம் இப்படித்தான் எள்ளி நகையாடும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு "ஐயோ, என்னுடையது மார்கஸ் மில்லர் பாஸ்" என்று இன்னொரு முறை குமைய வேண்டாம். ஒலி என்ற அளவில் நீங்கள் இழந்தது திரும்பக் கிடைக்கும். ஒலிக்குக் காரணங்கள் உண்டு, அவை கணக்கில் அடங்கும்: 34 அங்குல ஸ்கேல், பிக்கப் இருக்கும் இடம், காயிலின் சுற்று, ஸ்ட்ரிங்கின் வகை, பிரிட்ஜ் பக்கம் ஸ்பான்ஜ் வைத்திருக்கிறதா இல்லையா, பிறகு விரல். 1970களின் பிக்கப் இடைவெளியோடு இன்று பல பாஸ்கள் செய்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி ஸ்டீல் ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங் (வட்டக் கம்பி சுற்றிய, பளிச்சென்று ஒலிக்கும் வகை) கட்டினால், கண்ணை மூடிக்கொண்டு பழையது எது என்று அடையாளம் சொல்ல உங்களாலேயே முடியாமல் போகலாம்.

இதற்கு மிகப் பெரிய சான்று ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துப் பாடல்களின் அடித்தளமாக இருந்த பாஸ் கலைஞர். அவர் வாசித்தது 1962 பிரெசிஷன். அவர் 1983இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது திருடு போனது, இதுவரை கிடைக்கவில்லை. 1962ஆம் வருடத்து மரத்தில் அந்த ஒலி இருந்தது என்று நினைப்பவர்கள் 1962 பிரெசிஷன் ஒன்றை வாங்கி, பளபளப்பான புது ரவுண்ட்வூண்ட் கட்டி வாசித்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். ஜேமர்சன் கட்டியது கனமான லா பெல்லா ஃப்ளாட்வூண்ட், தட்டைக் கம்பி சுற்றிய, மழுங்கி ஒலிக்கும் வகை. அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் இருந்த ஸ்பான்ஜை அவர் எடுக்கவில்லை. வலது கையில் ஒற்றைச் சுட்டுவிரலால் மட்டும் வாசித்தார். இந்த நாலையும் புது பிரெசிஷனில் செய்துபாருங்கள். ஸ்ட்ரிங் விலையில் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். மிச்சம் கால்வாசி அவருடைய காதும் மனமும், அவை எந்த அடகுக் கடையிலும் விற்பனைக்கு வந்ததில்லை.

திரும்பக் கிடைக்காதது நெக். வாத்தியத்தில் இடது கை நாள் முழுக்கத் தொடும் ஒரே பாகம் அது. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் அளவுக்குள் இருக்கும்: ஜாஸ் பாஸின் நட் அகலம் (நெக்கின் தலைப்பக்க முனையில் உள்ள அகலம்) 1½ அங்குலம், பழைய பிரெசிஷனுக்கு 1¾ அங்குலம். 1962இலிருந்து நெக்கின் அடியில் தேதியோடு ஓர் எழுத்தையும் முத்திரை குத்தினார்கள். ஏ என்றால் ஜாஸ் அகலம், பி நடுத்தரம், சி பிரெசிஷனின் வழக்கமான அகலம். ஆனால் அகலம் பாதிக் கதைதான். பின்புறத்தின் பருமனையும் தோள்களின் வளைவையும் ஆலையில் ஓர் ஆள் சாண்டர் பெல்ட்டில் வைத்துக் கையால் தேய்த்து முடித்தார். அதனால் ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு நெக்குகள் கையில் வேறு வேறாக இருக்கும். அதன் மேல் நீங்கள் பல வருடம் தேய்த்த தேய்ப்பு, உருண்டுபோன விளிம்பு, அந்த மரம் எவ்வளவு வளைந்து எங்கே நின்றது என்பது எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. விற்றுவிட்ட பாஸ் கனவில் வருகிறது என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால் பெரும்பாலும் நெக்கைத்தான் சொல்வார்கள். பிக்கப்பை நினைத்து யாரும் இவ்வளவு ஏங்கிப் பார்த்ததில்லை.

அதனால்தான் 'இன்னொரு 1977' உங்களுக்கு ஆறுதல் தருமா என்பது நிச்சயமில்லை. அதே பாஸ் கிடைத்தால் நிச்சயம் தரும். அதற்கு வழி இருக்கிறதா?

அடையாளம் சொல்ல முடிந்தால் இருக்கிறது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பாஸ் 1972இல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. 2023இல் பொதுமக்களிடம் தகவல் கேட்டு ஒரு தேடல் தொடங்கியது, 2024 பிப்ரவரியில் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. பாஸ் கலைஞர் ஜேக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பாஸ், ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகளை) எடுத்துவிட்டு எபாக்ஸி பூசிய அந்தப் புகழ்பெற்ற வாத்தியம், 1986இல் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் காணாமல் போய், சுமார் இருபது வருடங்களுக்குப் பின் வெளியே வந்தது. அவர் அடுத்த வருடமே இறந்துவிட்டதால் அதை மீண்டும் பார்க்கவில்லை. மெட்டாலிகா குழுவின் பாஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து அதை மீட்டார். இரண்டு பாஸுமே அடையாளங்கள் நிறைந்தவை, ஆயிரம் புகைப்படங்களில் இருந்தவை. ஜேமர்சனுடையதும் புகழ்பெற்றதுதான், ஆனால் தோற்றத்தில் அது எந்தப் பழைய சன்பர்ஸ்ட் (விளிம்பில் கருத்து நடுவில் வெளிறும் பெயின்ட்) பிரெசிஷனையும் போலத்தான் இருந்தது. சீரியல் எண் தெரியாமல் அப்படி ஒன்றைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுடையது நேச்சுரல் ஃபினிஷ் ஆஷ் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய அதிர்ஷ்டம். ஆஷ் மரத்தின் ரேகைகள் கைரேகை மாதிரி, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. மேடையில் வாசிக்கும்போது எடுத்த ஒரே ஒரு தெளிவான பழைய புகைப்படம் போதும். பாடியின் முன்பக்கத்தில், பிக்கார்டு எனப்படும் பிளாஸ்டிக் தகட்டுக்கு மேலே உள்ள ரேகைகளை விற்பனைப் படங்களோடு ஒப்பிடலாம். சீரியல் எண் 1976 கடைசியிலிருந்து நெக் பிளேட்டை விட்டு ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் தலைப்பகுதியில், ஒட்டும் டெக்காலுக்கு மாறிவிட்டது. எஸ்7 என்று தொடங்கி ஐந்து இலக்கம் வரும். பழைய ரசீது, காப்பீட்டுத் தாள், ரிப்பேர் பில் எதிலாவது அது இருக்கும். உங்களிடம் வாங்கியவரின் பெயர் ஞாபகம் இருந்தால் முதல் வேலையாக அவரிடம் கேளுங்கள். பாஸ் வாசிப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு மறந்துபோகிற ஜாதி. எத்தனையோ பாஸ்கள் ஒரு கை மட்டுமே மாறி அங்கேயே தூங்குகின்றன.

கிடைக்கவில்லை என்றால், 1974 முதல் 1979 வரையுள்ள ஜாஸ் பாஸ்களில் முடிந்தவரை பலவற்றை வாசித்துப் பாருங்கள். வருடத்தை மறந்துவிட்டு இடது கையை மட்டும் கேளுங்கள். பார்க்க வேண்டியவை சில. நெக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள், குழியில் அசைந்தால் பேரத்தைக் குறைக்கலாம் அல்லது நகர்ந்துவிடலாம். நெக்குக்குள் அதன் வளைவைத் திருத்தும் கம்பியான ட்ரஸ் ராடில் இன்னும் இறுக்க இடம் இருக்கிறதா, அல்லது யாரோ கடைசிவரை முறுக்கி முடித்துவிட்டார்களா என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். அந்தக் காலத்து ஜாஸ் பாஸ்களில் பெரும்பாலும் ராடின் முனை ஹெட்ஸ்டாக்கில் புல்லட் வடிவத்தில் வெளியே தெரியும், அதனால் நெக்கைக் கழற்றாமல் அந்த இடத்திலேயே சோதிக்கலாம். நெக் முன்னால் வளைந்திருந்தால் பரவாயில்லை. முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது தடித்த ஸ்ட்ரிங் பக்கம் ஒரு மாதிரியும் மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் வேறு மாதிரியும் நின்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு பாஸுக்கு முன்பணம் கொடுக்கலாம். எடையையும் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நீங்கள் விற்றபோது இருந்த தோள் இப்போது உங்களிடம் இல்லை.

1966 பிரெசிஷனுக்கு வருகிறேன். இங்கே ஒரு சின்னச் சந்தேகம். அது 1966 என்று எப்படித் தெரிந்தது? பாட், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள மின்பாகம், அதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொன்னார்கள் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. அந்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர் (137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல்), அடுத்தது வருடமும் வாரமும். ஆனால் அது சொல்வது பாட் செய்யப்பட்ட நாளைத்தான். ஃபெண்டர் 1966இல் மலைபோல் பாட்களை வாங்கிக் குவித்தது, அவை அடுத்த சில வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தன. 1968, 1969இல் வெளிவந்தவற்றுக்குள்ளும் 1966 பாட் உட்கார்ந்திருக்கும். நெக்கின் அடி முத்திரையைப் பார்க்காமல் யாராவது '66 என்று சத்தியம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். நீங்கள் இத்தனை வருடம் ஏங்கிய 1966, உண்மையில் 1969ஆகக்கூட இருந்திருக்கலாம்.

சரி, 1966 என்றே வைத்துக்கொள்வோம். பெயின்ட் மாற்றியிருந்ததால் விட்டீர்கள். 1970களில் நடந்த ஒரு கூத்து இதன் பின்னால் இருக்கிறது. அப்போது பெயின்டை உரித்து மரத்தைக் காட்டுவது பெரிய மோகம். சன்பர்ஸ்ட்டும் வெளிர்நீலமும் சிவப்பும் கெமிக்கல் ஸ்ட்ரிப்பரில் கரைந்து போயின. கூடவே உளியும் ரவுட்டரும் எடுத்து பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஜாஸ் பிக்கப்புக்குக் குழி தோண்டினார்கள், பிரிட்ஜை மாற்றினார்கள், பிக்கப்பைக் கழற்றி டிமார்சியோ நிறுவனத்தின் பிக்கப் போட்டார்கள், அசல் பிக்கப் மேஜை இழுப்பறையில் கிடந்து தொலைந்தது. வாசிப்பவர்கள் தங்கள் கருவியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதன் விளைவாக, தொடப்படாதவை குறைந்து சேகரிப்பாளர்களின் வேட்டைப் பொருளாகிவிட்டன, தொடப்பட்டவை தோராயமாகப் பாதி விலைக்கு இறங்கிவிட்டன.

அந்தப் பாதி விலை வாத்தியத்தில் வாசிப்பவர் இழப்பது என்ன? நெக் அதே நெக். அதை அந்த ஆலையில் அதே கைகள் தேய்த்தன. 1957இலிருந்து பிரெசிஷனில் உள்ள இரண்டு துண்டு பிக்கப் அசலாக இருந்தால் அதுவும் அதேதான். பெயின்ட் மாறியதால் ஒலி மாறும் என்று நீண்ட வாதங்கள் நடப்பதுண்டு. இரண்டு ஸ்ட்ரிங் செட்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக்கூட அது எட்டாது என்பது என் காதின் தீர்ப்பு. சேகரிப்பாளருக்கு அசல் பெயின்ட் வேண்டும், அதற்காக அவர் தருகிற இன்னொரு பாதிப் பணத்தில் உங்களுக்கு ஒரு ஸ்வரம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. நீங்கள் எந்தக் குறையைச் சொல்லி அதை விட்டீர்களோ, அந்தக் குறைதான் அதை உங்கள் கைக்கு எட்டும் விலையில் வைத்திருந்தது. விட்டதில் வருத்தப்பட ஒரு நியாயம் உண்டு என்றால் இது ஒன்றுதான்.

கிப்சன் நிறுவனத்தின் தண்டர்பேர்டு பாஸுக்கும் இதே கணக்கு. 1963இலிருந்து 1965 வரை செய்த ரிவர்ஸ் வடிவத் தண்டர்பேர்டுகளின் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும். ஸ்டாண்டோடு மல்லாந்து விழுந்தால் மகாகனி முறியும். முறிந்து ஒட்டியவை ஏராளம். நன்றாக ஒட்டிய முறிவு வாசிக்கும்போது தெரிவதில்லை, விலையில் மட்டும் தெரியும்.

பெயின்ட் மாற்றிய பிரெசிஷன் ஒன்று வந்தால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பிக்கார்டைக் கழற்றினால் ரவுட்டர் குழிகள், நிரப்பிய துளைகள், பழைய பெயின்டின் மிச்சம் எல்லாம் தெரியும். புற ஊதா விளக்கில் பழைய லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் தொட்ட இடங்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் விழும். பாட்களில் ஈயப் பற்றை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'அசல்' என்ற பெயரில் பணம் கேட்டால்தான் இந்தத் துப்பறிதல் எல்லாம். மாற்றியது என்று சொல்லி மாற்றிய விலைக்கே கொடுத்தால் நெக்கையும் பிக்கப்பையும் பார்த்தால் போதும்.

1960களின் வாத்தியத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோவதாக இருந்தால் இன்னொன்று. ஃபெண்டர் 1960களின் நடுப்பகுதி வரை பிரேசில் ரோஸ்வுட் மரத்தை ஃபிங்கர்போர்டுக்கு (நெக்கில் விரல்கள் அழுத்தும் பலகைக்கு) பயன்படுத்தியது, பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1966 அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதனால் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். மற்ற ரோஸ்வுட்களையும் 2017இல் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், 2019இல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் 1977 பிரச்சினையின்றிப் பறக்கும், 1966க்கு மரம் எது என்று தெரிந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் கேட்ட ஒன்று: இப்போது கையில் இருக்கும் 1983 ஜப்பான் ஃபெண்டரை விற்று இந்தத் தேடலுக்குப் பணம் திரட்டலாமா? ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே டோகாய், கிரெகோ போன்றவர்கள் அசலையே மிஞ்சும் நகல்களைச் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களை எதிர்கொள்ள ஃபெண்டர் ஃபுஜிஜென் ஆலையிலேயே தன் பெயரில் செய்யச் சொன்னது. ஜேவி என்று தொடங்கும் சீரியல் எண் கொண்ட 1982 முதல் 1984 வரையுள்ளவை வெகுநாள் "ஜப்பான்தானே" என்ற ஏளனத்தோடு கை மாறின. இன்றைக்கு அவற்றைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். 'சிபிஎஸ்தானே' என்ற பேச்சு அன்று உங்கள் காதில் விழுந்ததும் இதே தொனியில்தான். அதனால் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நெக் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் உங்களையே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் விலை ஏறுமோ இறங்குமோ என்று பார்க்காமல் விற்றுவிடுங்கள். பிடித்திருந்தால், 1977 கிடைத்துக் கையில் வாசித்து முடிவு செய்யும்வரை இதை வைத்திருங்கள். இடைப்பட்ட காலத்துக்குக் கடன் வாங்குவதுகூட மேல்.

எந்த முடிவானாலும், விற்பதற்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு காலிபரை எடுத்து முதல் ஃப்ரெட், ஐந்தாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுகளில் நெக்கின் பருமனை அளந்து எழுதுங்கள். நட் அகலம், எடை, பின் பிக்கப்பின் நடுவிலிருந்து பிரிட்ஜில் ஸ்ட்ரிங் தொட்டு நிற்கும் சேடிலுக்கு உள்ள தூரம், சீரியல் எண், ஸ்ட்ரிங்கின் கேஜ் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடியின் முன்புறமும் பின்புறமும் நெருக்கமாகப் படம் எடுங்கள். நெக்கின் பின்வளைவை எடுக்க கான்டூர் கேஜ் என்ற மலிவான சீப்பு போன்ற கருவி ஒன்று தச்சர்களிடம் இருக்கும். அதை நெக்கில் அழுத்தி, அந்த வடிவத்தைத் தாளில் பென்சிலால் வரைந்துவிட்டால், பின்னாளில் நெக் செய்பவர் எவரிடமும் அந்தத் தாளைக் கொடுத்து இதே போல் வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் 1977க்கு அந்தத் தாள் இல்லை. ஆனால் பழைய புகைப்படத்தில் இடது கட்டைவிரல் நெக்கின் மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று கவனித்து, இப்போது வாசித்துப் பார்க்கும் ஒவ்வொரு ஜாஸ் பாஸிலும் அதே நிலையில் கையை வைத்துப் பாருங்கள். ஓரளவுக்கு அதுவே அளவுகோல்.